நான் செய்த இரண்டு சிபாரிசுகள்

மகன் யூட்,

நீ மேல் அறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். நான் கீழே சமையலறை மேசையில் இருக்கிறேன். நடுவில் பதின்மூன்று படிகள்தான். கப்பலில் நாற்பதடி ஏணியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறியவன் நான். இந்தப் பதின்மூன்றை மூன்று நாளாக ஏற முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், மன்னாரில் ஒரு சுவாமியார் என் கையெழுத்தைப் பார்த்து, "இவன் பிஷப்புக்கே கடிதம் எழுதலாம்" என்று சொன்னவர். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். உன் சின்னம்மா ஞாயிறு பூசை முடிந்து அப்படியே பக்கத்து ஊர் ஹேர்னிங்கில் யாரோ வீட்டுக்குப் போயிருக்கிறாள். பின்னேரம் வரைக்கும் இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும்தான். மூன்று பேர் என்றும் சொல்லலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

புதன்கிழமை நீ என்னிடம் ஓர் உதவி கேட்டாய். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "சித்தப்பா, உங்கட சாயப் பகுதிப் போர்மனிட்ட எனக்காக ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போய்ச் சாமான் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்திட்டு வாறன். இனி ஹொக்கி வேண்டாம், நான் ஐஸில இறங்க மாட்டன்" என்றாய். கோபம் வந்தால் டெனிஷில் கத்துகிற பிள்ளை நீ. அதைத் தமிழில், மெதுவாகச் சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. "என்ன பேசாமல் இருக்கிறியள்? நீங்க சொன்னா அவர் கேப்பார்தானே?" என்றாய். கேட்பார். இந்த இக்காஸ்ட் ஊரில் அந்தத் துணித் தொழிற்சாலைக்குள் என் சொல்லால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முப்பது பேர். சரி, நாலு பேர். வீடு தேடுகிறவனுக்கும், வைத்தியரிடம் போகிறவளுக்கும், அகதி முகாமில் இருந்து வந்த புதுப் பெடியங்களுக்கும் நான்தான் சிபாரிசு. அப்படிப்பட்டவன் உனக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. உனக்கும் உன் அப்பாவுக்கும் நான் ஏற்கனவே ஒவ்வொரு சிபாரிசு செய்திருக்கிறேன் மகன். இரண்டையும் இத்தனை காலம் உன்னிடம் மறைத்தேன்.

முதலில் நீ கேட்டதற்கு நாலு நாள் முந்திய சனிக்கிழமையைச் சொல்கிறேன், ஏனென்றால் உன் மனம் முறிந்தது அன்றைக்குத்தான். முகாம் பெடியங்கள் பதினொரு பேரை நான் மாட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தேன். பனியையே அந்த மாதந்தான் முதன்முதலில் கண்டவர்கள். வரும் வழியெல்லாம் உன்னைப் பற்றிச் சொன்னேன். முதலாம் அணியிலேயே நீதான் வேகம், நீ இறங்கினால் மற்றப் பக்கத்து ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், சுவீடனில் இருந்து உன்னைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது, இப்படி. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடமாகியும் நீ இறங்காமல், மாற்று ஆட்கள் குந்தும் வாங்கில் இருந்தாய். ஒருவன் கேட்டான், "அண்ணை, எங்கை உங்கட மகன்?" "அந்தா, வாங்கில கடைசி ஆள்." "ஏன் இருத்தி வைச்சிருக்கினம்?" "நல்ல ஆளைக் கடைசியிலதான்ரா இறக்குவினம்." அவர்கள் பாவம், நம்பினார்கள். கடைசிக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் "யூட்! யூட்!" என்று கத்தத் தொடங்கினார்கள். நானும் கத்தினேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உன் பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். நீ தலைக்கவசத்தைக் கழற்றவும் இல்லை, திரும்பவும் இல்லை. முழு ஆட்டத்திலும் மூன்று தரம் இறங்கினாய். ஒவ்வொரு தரமும் முக்கால் நிமிடம் இருக்கும். திரும்பிப் போகும்போது பெடியங்கள் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் ஒருவன், "அண்ணை, உள்ளை நல்ல குளிர், என்ன?" என்றான்.

ஏன் அந்த வாங்கில் இருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. உன் பெலவீனம் என்று நினைக்கிறாய். உன் நிறந்தான் காரணமோ என்று நீ நினைத்ததும் எனக்குத் தெரியும், ஒரு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று உன் சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறாய். இப்போது கேள். உன்னை முதலாம் அணிக்கு எடுத்து, சின்னதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வைத்த அந்த வாரம், நான் நீல்ஸின் வீட்டுக்குப் போனேன். உன் பயிற்சியாளர் நீல்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல். சின்னம்மாவைக் கொண்டு நாற்பது றோல்ஸ் சுடுவித்தேன். அவளுக்குச் சொன்னது வேலைத்தலத்து விருந்துக்கு என்று. கப்பலில் வாங்கிப் பூட்டி வைத்திருந்த விஸ்கிப் போத்தல் ஒன்றும் கொண்டு போனேன். ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அப்படித்தானே போவோம். மனிதன் செருப்போடு வாசலில் நின்று விழித்தார். "என்ர மகனை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ, கொஞ்சம் கூட இறக்கி விடுங்கோ" என்றேன். றோல்ஸை வாங்கினார். போத்தலைத் திருப்பி நீட்டி, "இதை நான் எடுக்க ஏலாது" என்றார். நம்முடைய ஆட்கள் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லித்தானே எடுப்பார்கள். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் தரமும் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் குரல் கொஞ்சம் உரத்தது. மூன்று முடிந்துவிட்டது, இனி எடுக்கலாம் என்று போத்தலை வாசற்படியில் வைத்துவிட்டு, கலியாண வீட்டில் மொய் வைத்தவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு காருக்கு ஓடி வந்தேன்.

அடுத்த மாட்சுக்கு வந்தபோது அந்தப் போத்தல் மண்டபத்தில் கோப்பி விற்கிற இடத்தின் மேல் தட்டில் இருந்தது. மூடியை உடைக்கவில்லை. நீல்ஸ் அதை நேரே கொண்டு போய்க் கழகத்து நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மேசையில் வைத்து, இன்னார் தந்தது, இன்ன காரணத்துக்கு என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே உன்னைக் கடைசி வரிசையில் போட்டார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க நான் கோப்பி வாங்கும்போதெல்லாம் அந்தப் போத்தல் என்னைப் பார்த்தது. முகாம் பெடியன் ஒருவன் அது என்ன என்று கேட்டதற்கு, கிண்ணம் வென்றால் உடைக்க வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பொய் எனக்கு மூச்சு மாதிரி வரும். உனக்கு ஏழு வயதில் பழைய சாமான் கடையில் வாங்கிய வெள்ளைச் சறுக்குச் சப்பாத்தை, பொம்பிளைப் பிள்ளைகள் போடுவதை, மாட்டிக்கொண்டு முதல் நாளே நீ மண்டபத்தைச் சுற்றி வந்தாய் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். நீயும் அதை நம்புகிறாய். அன்றைக்கு நீ ஓரத்துப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் அழுதாய் மகன். அடுத்த கிழமையும் வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஐந்தாம் கிழமைதான் கையை எடுத்தாய். உண்மைக் கதைதான் நல்ல கதை, அதைச் சொல்ல எனக்குத் தெரியாமல் போயிற்று.

வாங்கில் நீ இருக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். மற்றப் பெடியங்கள் கையுறையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, பகிடி விட்டுக்கொண்டு இருப்பார்கள். நீ கழற்றுவதில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் அரைவாசி எழும்புவாய். கூப்பிடுவது உன்னை இல்லை என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் திரும்பக் குந்துவாய். இரண்டு மணித்தியாலத்தில் எத்தனை தரம் எழும்பி இருக்கிறாய் என்று நான் ஒரு நாள் எண்ணத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டேன். அந்தப் பொறுமை என்னிடமிருந்து வரவில்லை. பஸ் மூன்று நிமிடம் பிந்தினாலே நடக்கத் தொடங்குகிறவன் நான். அது உன் அப்பாவுடையது. என் அண்ணை அப்படித்தான் இருப்பான்.

மூன்று பேர் என்று சொன்னேனே. அண்ணை மண்டபத்துக்கு வருவான். போத்தலைத் தட்டில் கண்ட நாளில் இருந்து வருகிறான். மேல் வரிசையில், ஓரத்துக் கதிரையில், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு இருப்பான். தலைமயிரில் இருந்து தண்ணீர் வடியும். அந்தக் குளிரில் அது உறைவதில்லை. அவன் ஐஸைப் பார்ப்பதில்லை, உன்னையும் பார்ப்பதில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். சித்தப்பா வழமை போலக் கதை விடுகிறார் என்று நினைப்பாய். ஆயிரம் கதை விட்டவன்தான். இதை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை, சின்னம்மாவுக்கும் சொன்னதில்லை. விடுகிற கதை என்றால் முகாம் பெடியங்களுக்கு முதல் நாளே சொல்லியிருக்க மாட்டேனா? அந்தச் சனிக்கிழமை நாங்கள் உன் பெயரைச் சொல்லிக் கத்தினபோது அவன் எழும்பிப் போய்விட்டான். இன்றைக்கு இந்த மேசையில், எனக்கு எதிரே இருக்கிறான்.

உன் அப்பா எப்படிச் செத்தார் என்று நான் உனக்குச் சொன்ன கதை உனக்கு மனப்பாடம். புயல் அடித்தது, கடலில் ஏழு பேர் அகப்பட்டார்கள், உன் அப்பா தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஆறு பேரைக் கரை சேர்த்தார், ஏழாவது ஆளுக்காகத் திரும்பிப் போனவர் வரவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் அதை நீ கட்டுரையாக எழுதி, ஆசிரியை அழுதாளாம். அந்தக் கட்டுரையை நீ வாசித்துக் காட்டியபோது நான் மலசலகூடத்துக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஏழு பேரும் இல்லை, புயலும் இல்லை.

நடந்தது இதுதான். உன்னைப் பெற்றவள் உன்னைப் பெற்ற நாலாம் நாளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அண்ணை கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தினான். உனக்கு நாலு வயது கழிந்ததும் திரும்ப வள்ளத்தில் இடம் கேட்டிருந்தான். வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி, இடம் வெறுமையானால் சொல்லுகிறேன் என்றார். அண்ணை காத்திருந்தான், கிட்டத்தட்ட ஒரு வருடம். அந்த நேரத்தில் நான் கப்பலால் லீவில் வந்திறங்கினேன். வெளிநாட்டுச் சிகரெட், மணிக்கூடு, கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்க்கச் சனம் வரும், வருகிற சனத்துக்கு முன்னால் என் அண்ணை ஊசியும் நூலுமாகக் குந்தியிருப்பான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவனுக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒரு பின்னேரம் நான் ஒரு போத்தலோடு சம்மாட்டியிடம் போனேன். அவர் ஒரு தரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொருவனை இறக்கிவிட்டு அடுத்த நாளே அண்ணைக்கு இடம் தந்தார்.

வீட்டுக்கு வந்து, கப்பலே வாங்கிக் கொடுத்தவன் மாதிரி, "நாளைக்கு நீ வள்ளத்தில" என்றேன். அண்ணை வலையில் இன்னும் நாலு கண்ணி பொத்தி முடித்தான். பிறகு, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பெடிக்குக் காய்ச்சல்" என்றான். உனக்கு அன்றைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் சொன்னேன், "சம்மாட்டிட்டச் சொல்லிப்போட்டன். இனி மாட்டன் எண்டா என்ர மானம் என்னாகிறது?" அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மண்டபத்தில் பார்க்கிறானே, அதே பார்வை. விடியப் போனான். காற்று பெரிதாக இல்லை, எந்த நாளும் அடிக்கிற வாடைக்காற்றுத்தான். வள்ளத்தில் மூன்று பேர். வள்ளம் கவிழ்ந்து மிதந்ததை அடுத்த நாள் கண்டார்கள். அண்ணை நாலாம் நாள் கரை ஒதுங்கினான். உன் காய்ச்சல் அதற்கிடையில் சுகமாகிவிட்டது. நீ "அப்பா எங்கை?" என்று கேட்டாய். அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தவைதான் அந்த ஏழு பேரும்.

அவனைக் கடல் எடுத்ததற்கு நான் பொறுப்பு என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். சுவாமியார் மன்னித்தார். அந்த மன்னிப்பு அண்ணைக்குப் போதாது போல.

இனி வியாழக்கிழமை. நீ கேட்டதற்கு அடுத்த நாள், வேலை முடிய மண்டபத்துக்குப் போனேன். வெறுங்கையோடு. நீல்ஸ் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து முடித்துவிட்டுச் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். டெனிஷ் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித் திரிகிற எனக்கு அன்றைக்கு இரண்டு வசனந்தான் வந்தது. "போத்தல் தந்தது என்ர பிழை. பெடியில ஒரு பிழையும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் மற்றக் கால் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். பிறகு சொன்னதை நான் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன். டெனிஷில் எல்லாருக்கும் நீதான், அதனால் அவர் என்னை நீ என்றே சொன்னார்.

"போத்தலோ? முதல் மாசம் ஓம். அவனை இறக்கினா, போத்தலுக்கு இறக்கினான் எண்டு மற்றப் பெடியள் சொல்லுவாங்கள் எண்டு யோசிச்சன். அது பிழையாயும் இருக்கலாம். ஆனா அதுக்குப் பிறகு நான் உன்ர பெடியின்ர வாயைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். மற்றவங்கள் ஐஸில இறங்க வேணுமெண்டா என்ர அறைக் கதவைத் தட்டுவாங்கள். ஏன் என்னை இறக்கேல்லை, நான் எதைத் திருத்த வேணும் எண்டு கேப்பாங்கள், சண்டை பிடிப்பாங்கள். இவன் ஒரு நாள் வந்து கேக்கேல்லை. இவனுக்கு இந்த விளையாட்டு வேணுமோ எண்டே எனக்குத் தெரியாது. உனக்கு வேணும் எண்டது மட்டும் நல்லாத் தெரியும்."

நீ ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான்தான் பழக்கினேன். பாலர் பள்ளியில் ஒருவன் உன் தொப்பியைப் பறித்தபோது, "நீ பேசாமல் இரு, சித்தப்பா வந்து கதைக்கிறன்" என்றேன். பள்ளிக்கூடத்துப் பெற்றார் கூட்டத்தில் ஆசிரியை உன்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். "பெரியாக்களிட்ட வாய் காட்டாதை" என்று உன்னை எத்தனை தரம் அதட்டியிருப்பேன். நீ சொல் கேட்கிற பிள்ளை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் பெரியவர்கள் கண்டுகொள்வார்கள் என்று நம்பிக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வாங்கில் இருந்தாய். உனக்குப் பின்னால் நான் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

நான் அண்ணையை ஒரு சொல் கேட்டிருக்கலாம். அந்த நாலு கண்ணியைப் பொத்தி முடிக்கிற நேரத்தில், அண்ணை, உனக்குப் போக விருப்பமோ என்று. அவன் ஓம் என்றும் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியும். கேட்காததால் அந்தப் பதில் அவனோடு போய்விட்டது. உன்னையும் நான் கேட்டதில்லை. பனியைக் கண்டதும் வெள்ளைச் சப்பாத்தை வாங்கிக்கொண்டு வந்து உன் காலில் மாட்டினேன். மன்னார்ப் பெடியன் ஐஸில் ஓடுகிறான் என்று ஊருக்குக் கடிதம் எழுத எனக்கு ஆசையாக இருந்தது. ஆகவே, பதினெட்டு வயதான பிறகு, பிந்தித்தான், இப்போது கேட்கிறேன். மகன், உனக்கு இந்த விளையாட்டு விருப்பமோ?

விருப்பம் என்றால், செவ்வாய்க்கிழமை சாமானைத் திருப்பிக் கொடுக்கிறதற்கு முன் நீல்ஸின் கதவைத் தட்டு. என்னை ஏன் இருத்தி வைத்திருக்கிறாய், நான் எதைத் திருத்த வேண்டும் என்று உன் வாயால் கேள். டெனிஷில் கேள், கோபமாகக் கேட்டாலும் குற்றமில்லை. அவர் இந்த வருடம் இல்லை என்று சொல்லலாம். அடுத்த வருடமும் ஒரு ஆட்டத்துக்கு மூன்று தரந்தான் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் திரும்பவும் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் எதற்காக என்று தெரிந்துகொண்டு காத்திருப்பாய். நான் பழக்கிவிட்ட காத்திருப்பில் அது இருக்கவில்லை. விருப்பம் இல்லை என்றால் சாமானைக் கொடுத்துவிட்டு வா. அதில் ஒரு வெட்கமும் இல்லை. சாயப் பகுதிப் போர்மன் காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலைப் படலையடியில் நிற்பார். நேரே போய் வேலை கேள், நல்ல மனிதன். நீ இன்னார் மகன் என்று சொல்லாதே. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டேன்.

அப்பாவின் கதையை உனக்குத் தந்துவிட்டு இப்படிப் பறித்ததற்கு நீ என்னை வெறுத்தால் அதுவும் நியாயம். கொஞ்ச நாள் வெறுத்துவிட்டு, முடிந்தால் சாப்பாட்டு மேசைக்கு வா. அண்ணை இன்னும் எதிரேதான் இருக்கிறான். எழுதி முடிந்ததும் போய்விடுவான் என்று நினைத்தேன். போகிற மாதிரித் தெரியவில்லை. இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை உன் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு நான் வெளியே நடக்கப் போகிறேன். வாசித்துவிட்டு என்னிடம் வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை இரவு நீ வெறுங்கையோடு வந்தாலும், பையோடு வந்தாலும் நான் அங்கே என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். நீல்ஸிடம் கேட்க மாட்டேன், சின்னம்மாவை விட்டும் கேட்பிக்க மாட்டேன். நீயாகச் சொல்லும் வரைக்கும் பொறுத்திருப்பேன். எவ்வளவு நாள் என்னால் முடியும் என்று தெரியாது, மகன். இதுவரை நான் அதைச் செய்து பார்த்ததில்லை.

உன் சித்தப்பா